பூனைக்கு வீடு பார்க்கும் தங்கச்செல்வி

"உங்க வீட்டுல இதுக்கு முன்னால இருந்த பூனை என்னாச்சு?" என்று மோட்டார் சத்தத்துக்கு மேலே தங்கச்செல்வி கத்துகிறார்.

கேழ்வரகு டப்பாவோடு எதிரே நிற்கும் பெண், "அது ஓடிப்போச்சுக்கா" என்கிறார்.

"பூனை ஓடாது. ஓட்டியிருப்பீக" என்று சொல்லிவிட்டு, மாவு கொட்டும் வாயில் கட்டியிருக்கும் துணியை இரண்டு தட்டுத் தட்டுகிறார். அந்தப் பெண்ணுக்கு மாவு கிடைக்கும். பூனை கிடைக்காது.

அருப்புக்கோட்டையில், பஸ் நிலையத்துக்குப் பின்னால் ஒரு சந்தில் இருக்கிறது அவருடைய மாவு மில். அவருக்கு ஐம்பது வயதிருக்கும். புருவம் இரண்டும் மாவில் நரைத்திருக்கும். குளித்துவிட்டு வந்தால் பத்து வயது குறைந்துவிடும். தெருவில் அடிபட்டது, குப்பையில் கிடந்தது, யாரோ விட்டுவிட்டுப் போனது என்று வருகிற பூனைகளையெல்லாம் மில்லுக்கு மேலே இருக்கும் தன் ஒற்றை அறையில் வைத்துத் தேற்றி, ஒரு வீடு பார்த்துக் கொடுப்பார். "பொண்ணு குடுக்கிற மாதிரிதான்" என்பார். பெண்ணைக் கொடுக்கும்போது நம் ஊரில் இவ்வளவு விசாரிப்பதில்லை.

பூனை கேட்கிற வீட்டுக்குச் சொல்லாமல் போவார். கூடத்தில் உட்கார மாட்டார், நேரே கொல்லைப்புறம். "வேலைக்கு வாரவுகளுக்கு எந்த டம்ளர்ல காப்பி குடுக்காகன்னு பாப்பேன். தனி டம்ளர் வச்சிருக்கிற வீட்டுக்கு எம் பூனை போகாது." இந்த ஒரு விதியால் டவுனில் எத்தனை பெரிய வீடுகள் தட்டிப்போயின என்று கேட்டால் சிரிக்கிறார். "அவுகளுக்கு எலி இருக்கட்டும்."

தை மாதம் அவரிடம் வந்து சேர்ந்தது ஒரு கறுப்புப் பூனை. பாலவனத்தம் சாலையோரம், முள்ளுக்காட்டுக்குள் ஒரு சிமெண்டுச் சாக்கு அசைவதைப் பார்த்து வண்டியை நிறுத்தியிருக்கிறார். வாய் கட்டிய சாக்கு. உள்ளே இது. மறுநாளே மில்லில் கதை வந்துவிட்டது. டவுனில் ஒரு கடைக்காரர் வீட்டில் பிறந்து வளர்ந்த பூனைதான். மகனுக்குப் பெண் பார்க்கக் கிளம்பும்போது குறுக்கே போயிற்றாம், சம்பந்தம் கலைந்ததாம். மாப்பிள்ளையின் குணமோ கேட்ட வரதட்சணையோ காரணமாக இருக்கலாம் என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தோன்றவில்லை. பூனையைக் கொன்றால் பாவம் என்று நம்புகிறவர்கள். அதனால் சாக்கில் கட்டி வெயிலில் எறிந்தார்கள். மிச்சத்தை வெயில் பார்த்துக்கொண்டால் பாவம் வெயிலுக்கு.

அந்த வீட்டு அம்மாள் அடுத்த வாரம் மல்லி அரைக்க வந்தார். தங்கச்செல்வி அரைத்துக் கொடுத்துவிட்டுச் சொன்னது இவ்வளவுதான்: "உங்க பூனை சௌக்கியமா இருக்கு."

அதைத் தன்னோடு வைத்துக்கொள்ள வழியில்லை. மாசி பிறந்தால் மில்லில் இரவும் பகலும் மிளகாய் வத்தல்தான் அரையும். காரம் மேல் அறை வரை ஏறும். அதற்குள்ளேயே பூனையின் கண்கள் வீங்கி, தும்மித் தும்மி மூக்கில் ரத்தம் வந்திருந்தது. வீடு வீடாக அலைந்தார். காரியாபட்டியில் ஒருவர், "வெள்ளையா இருந்தா இன்னைக்கே எடுத்துக்கிருவேன்" என்றார். பால்ச்சாமி என்ற பலசரக்குக் கடைக்காரர் எலிக்காக வாங்கிக்கொள்ளத் தயார். ஆனால் யார் கண்ணிலும் படாமல் குடோனுக்குள் கட்டிப்போட்டு வைப்பாராம்.

"கட்டிப்போட அது என்ன கன்னுக்குட்டியா?"

"கறுப்புக்கு இதுவே பெருசு தாயி. ரொம்பத்தான் கிராக்கி பண்றீக."

"ஆமா, கிராக்கிதான். வாரேன்."

நிறத்தைப் பார்த்து வாசலிலேயே நிறுத்துவது நமக்குப் பழகிப்போன வேலை. அதை விலங்கிடமும் செய்து முடித்தால்தான் நமக்குத் திருப்தி.

திருச்சுழிக்கு அந்தப்பக்கம் ஒரு மானாவாரிக் கிராமத்திலிருந்து கஸ்தூரி கம்பு அரைக்க வந்தார், பூனையும் கேட்டார். வழக்கமான கேள்வி. "எங்க டிராக்டர்லதான் மாட்டுச்சுக்கா. நாங்கதான் ஏத்திட்டோம். அவரு ரெண்டு நாளு சாப்பிடல" என்றார் கஸ்தூரி. தங்கச்செல்வி மோட்டாரை நிறுத்தினார். இத்தனை வருஷத்தில் 'நாங்கதான்' என்று சொன்ன முதல் ஆள்.

சொல்லாமல் ஒரு நாள் போய்க் கொல்லைப்புறமும் பார்த்துவிட்டு வந்தார். டம்ளர் எல்லாம் ஒன்றுதான். அப்படியும் உடனே கொடுக்கவில்லை. அவர்கள் காட்டில் தண்ணீருக்காக ஆழ்துளைப் போர் போடப்போகும் நாளைக் கேட்டுக்கொண்டு, அன்று காலையில்தான் கூடையோடு பஸ் ஏறினார். இவரைப் பற்றி எழுத வந்த நானும் கூடப் போனேன்.

"வேற நாளே கெடைக்கலயா?" என்றேன். "தண்ணி வரலன்னா பழி இதுமேல விழுமே."

"நல்ல நாள்ல எல்லாரும் நல்லவுகதான். கெட்ட நாள்ல யாரைக் கைகாட்டுறாகன்னு பாத்துட்டுக் குடுக்கேன். இல்லன்னா கொண்டாந்துருவேன். மறுபடி ஒரு சாக்குக்குள்ள இது போகக்கூடாது."

காட்டில் போர் லாரி நின்றது. உள்ளங்கையில் தேங்காயை நிற்கவைத்து நீரோட்டம் பார்த்த பெரியவர் முதல் நாளே இடம் குறித்திருந்தார். கஸ்தூரியின் கணவர் நாகராஜ் சூடத்தட்டோடு லாரிக்கு நடந்தபோது தங்கச்செல்வி கூடையின் மூடியை எடுத்தார். பூனை இறங்கி, சோம்பல் முறித்து, தட்டுக்கு முன்னால் குறுக்கே நடந்து வேப்பமரத்துக்குப் போயிற்று. கூட்டத்தில் யாரோ உச்சுக்கொட்டினார்கள். நாகராஜ் அது போகும்வரை நின்று, பிறகு நடந்தார்.

மதியம் தாண்டியும் துளைக்குள் கம்பிக்கு மேல் கம்பியாக இறங்கிற்று. தண்ணீர் இல்லை, வந்ததெல்லாம் வெள்ளைப் புகை. பாறைத்தூள் மனிதர்கள் மேலும் மரத்தின் மேலும் படிந்தது. லாரிக்காரர் இயந்திரத்தை நிறுத்திக் கையை விரித்தார். நாகராஜ் வரப்பில் உட்கார்ந்தார். மூன்றாவது போர் அது, மூன்றும் புகை.

தேங்காய்ப் பெரியவர் தொண்டையைச் செருமினார். "நான் பாத்ததுல தப்பில்ல. கறுப்பு குறுக்க போச்சுல்ல, ஓட்டம் வெலகிருச்சு. மொதல்ல அதை வெரட்டுங்க."

எல்லார் பார்வையும் வேப்பமரத்தடிக்குப் போயிற்று. மில்லில் ஒரு சொல்லுக்கு நாலு சொல் கொடுக்கும் தங்கச்செல்வி திறந்த கூடையை இடுப்பில் அணைத்தபடி கஸ்தூரியின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

கஸ்தூரி அழுதுகொண்டிருந்தார். கண்ணீர் போன தடம் மட்டும் கன்னத்தின் வெள்ளைத்தூளில் கோடாகத் தெரிந்தது. மூக்கை உறிஞ்சிக்கொண்டு சொன்னார்:

"ஏன் சின்னையா, முந்தி போட்ட ரெண்டு போருக்கும் நீங்கதான தேங்கா வச்சீக? அப்ப எந்தப் பூனை குறுக்க போச்சு?"

"அது வந்து…"

"இது இன்னைக்குக் காலைல பஸ்ஸுல வந்துச்சு. பாறை எப்பவும் இங்கனதான் கெடக்கு. வயித்தெரிச்சல்ல இருக்கேன், பேசாமப் போங்க."

வரப்பில் இருந்த நாகராஜ் தலை நிமிராமலே, "போங்க சின்னையா" என்றார்.

கஸ்தூரி வேப்பமரத்தடிக்குப் போனார். பாறைத்தூள் படிந்து பூனை சாம்பல் பூசியதுபோல் வெளுத்துக் கிடந்தது. அதை மடியில் தூக்கி வைத்து, முந்தானையைக் குடத்துத் தண்ணீரில் நனைத்து, முதுகையும் முகத்தையும் துடைக்க ஆரம்பித்தார். துடைக்கத் துடைக்க அது கறுத்தது.

தங்கச்செல்வி கை கொடுக்கப் போகவில்லை. "காதுக்குப் பின்னாலயும் தொடைங்க" என்று மட்டும் சொன்னார். பிறகு கூடையைக் கவிழ்த்து, அடியில் தங்கியிருந்த தூசியைப் பட்பட்டென்று தட்டிக் கொட்டினார்.