திரைக்குப் பின்னால் ஷ்லோனிச்

புக்கிட் பாஞ்சாங்கில் ரயிலேறி, லிட்டில் இந்தியாவில் இறங்கி மருத்துவமனைக்கு வருகிற தாதி ருக்கையா. "நீங்கதான் குர்ஆன் ஓதுவீங்களே, போய்ப் பேசுங்க லா" என்று அரபு நோயாளிகளையெல்லாம் அவள் தலையில் கட்டினார்கள். ஓதத் தெரியும், நலமா என்று கேட்கத் தெரியாதே! இதை யாரிடம் சொல்லி அழ?

வீம்புக்குக் கைபேசியில் எகிப்து அரபுப் பேச்சைப் படித்துவிட்டு, சிகிச்சைக்கு வந்திருந்த பாக்தாத் வியாபாரி ஒருவரிடம் "இஸ்ஸய்யக்?", நலமா, என்றாள். அவர் வயிறு குலுங்கச் சிரித்தார். தங்கள் ஊரில் பெண்களை "ஷ்லோனிச்?" என்றுதான் நலம் விசாரிப்பார்களாம், "ஸைனா", நன்றாயிருக்கிறேன், என்று பதில் சொல்ல வேண்டுமாம். அதன்பின் காலையில் அவள் திரையை விலக்குமுன்பே கேட்டுவிடுவார். பதில் வரும்வரை விடமாட்டார்.

அவர் இறந்த மறுவாரம் அதே அறைக்குக் கெய்ரோக்காரி ஒருத்தி வந்தாள். ருக்கையாவின் எகிப்து விசாரிப்பில் முகம் மலர்ந்தவள், சட்டென்று குரலைத் தாழ்த்தினாள்.

"இங்கே ஈராக்கியர் யாராவது இருக்கிறாரா? காலையிலிருந்து திரைக்குப் பின்னால் ஓர் ஆண் 'ஷ்லோனிச்' என்கிறார். எங்கள் ஊரில் அப்படிக் கேட்கமாட்டார்கள். நான் பதில் சொல்லவில்லை. நிறுத்தாமல் கேட்கிறார்."

ருக்கையா திரையருகே போய் நின்றாள்.

"ஸைனா," என்றாள்.

பழக்கதோஷத்தில் "போயிட்டு வாங்க" என்று வாய்வரை வந்ததை, அப்படியே விழுங்கிக்கொண்டாள்.