ஈ பிடிக்கும் செடியும் செபமாலைக் கூட்டமும்

நோர்பரியில் எங்கள் பிளாட்டின் சமையலறை ஜன்னலில் ஈ பிடிக்கும் செடி ஒன்றை வாங்கி வைத்தேன். வீட்டுக்குச் செபமாலை சொல்ல வரும் அன்ரிமாருக்கு அதுதான் பெரிய வேடிக்கை. செபம் முடிந்து வடையும் தேத்தண்ணியும் வந்ததும் ஆளுக்கொரு பல்குச்சியோடு செடியைச் சுற்றி நின்றுவிடுவார்கள்.

வாய்போல் விரிந்த இலைக்குள் சில மயிர்கள் நிற்கும். ஒருமுறை தொட்டால் செடி அசையாது. மழைத்துளியாகவும் இருக்கலாம் அல்லவா? சில நொடிகளுக்குள் மறுபடி தொட்டால்தான் பட்டென்று மூடும். அகப்பட்ட ஈ துடிக்கத் துடிக்க மயிர்கள் மேலும் அசையும். இலை இன்னும் இறுகிச் சமிபாட்டு நீரைச் சுரக்கும். வெறும் பல்குச்சிக்கு மூடிய இலை ஓரிரு நாளில் திறந்துவிடும். ஆனால் வீணாக மூடி மூடியே கறுத்துச் செத்துப்போகும். சொன்னால் யார் கேட்டார்கள்?

அந்த ஞாயிறு என் மனம் ஒரு நிலையில் இல்லை. ரயிலில் அரைநாள் தூரத்தில், ஸ்கொட்லாந்தின் கிளாஸ்கோவில், மருத்துவமனை ஆய்வுகூடம் ஒன்றில் வேலை கிடைத்திருந்தது. மறுநாள் பதில் சொல்ல வேண்டும். அம்மாவிடம் இன்னும் வாய் திறக்கவில்லை. அப்பா காலமானபின் வீட்டில் நாங்கள் இருவர்தான். நாற்பதை நெருங்குகிறேன், கடைக்குப் போய்க் கொஞ்சம் பிந்தினாலும் அம்மாவின் போன் வந்துவிடும். எனக்கு மூச்சு முட்டியது.

ஓர் அன்ரி பல்குச்சியை இலைக்குள் விட்டபடியே கேட்டார்: "பிள்ளைக்கு இன்னும் கலியாணம் ஒண்டும் சரிவரேல்லையோ?"

முதல் கேள்விக்கு நானும் அசைவதில்லை.

"அம்மாவைத் தனிய விட ஏலாதெண்டு யோசிக்கிறியோ?"

"நான் கிளாஸ்கோவுக்கு வேலைக்குப் போறன்!" கத்தியே விட்டேன். அம்மா தேத்தண்ணித் தட்டோடு அப்படியே நின்றார்.

பிறகு அன்ரிமார் என்னைப் பிடித்துக்கொண்டார்கள். அம்மாவின் பிரஷரை யார் பார்ப்பது? அந்தக் குளிரை எப்படித் தாங்குவது? அங்கே தமிழ்ப் பூசை உண்டா? நான் பதில் சொல்லச் சொல்ல இன்னும் நெருங்கினார்கள். கடைசியில் ஒருவர், "வாங்கோ, பிள்ளைக்கு நல்ல புத்தி வரவேணுமெண்டு இன்னொருக்காச் செபமாலை சொல்லுவம்" என்றார். எனக்கு நல்ல புத்தி வருவதற்காக நானே முழங்காலில் நின்று செபத்துக்கு மறுமொழி சொன்னேன். சிரித்திருக்க வேண்டிய விஷயம். அழுகைதான் வந்தது.

எல்லோரும் போனபின் அம்மா கோப்பைகளைக் கழுவினார். என் முகத்தைப் பார்க்கவில்லை.

"டொரொண்டோவுக்கு வந்து தன்னோடை இருக்கச் சொல்லி உன்ர சின்னம்மா எத்தினை வருஷமாக் கேக்கிறா. உன்னைத் தனிய விட ஏலாதெண்டுதான் நான் இஞ்ச கிடக்கிறன்."

எனக்குக் கோபம் பற்றிக்கொண்டு வந்தது. "இதை ஏனம்மா இவ்வளவு காலமும் சொல்லேல்லை?"

"நீ மட்டும் சொன்னனியே?"

தண்ணீர்க் குழாயை மூடினார். நான் போனை எடுத்தேன்.

"அப்ப, ஓம் எண்டு எழுதட்டோ?"

"எழுது. அப்பிடியே எனக்கும் டொரொண்டோவுக்கு ஒரு டிக்கெட் பார்."