வெட்டாத முகத்துவாரத்தை வெட்டின வகுப்பு

ஒரு நாளைக்கு ஆறு மணித்தியாலம் போன் பார்க்கிற பிள்ளைகளுக்கு, போனை எப்படிப் பார்ப்பது என்று ஒன்றரை மணித்தியாலத்தில் சொல்லிக்கொடுப்பதுதான் என்னுடைய உத்தியோகம். களுவாஞ்சிக்குடிக்குக் கிட்ட ஒரு தொழிற்பயிற்சி நிலையம். பாடத்தின் பெயர் 'சமூக ஊடகங்களைப் பொறுப்பாகவும் தொழில்முறையாகவும் பாவித்தல்'. கரும்பலகையில் எழுதினால் பாதிப் பலகை போய்விடும். வீட்டில் பிள்ளையைப் பார்த்து "அந்தப் போனை வை" என்று கத்திவிட்டு, அடுத்த நிமிடமே உங்கள் போனை எடுத்துப் பார்க்கிற ஆளா நீங்கள்? அப்படியென்றால் வாருங்கள், பக்கத்தில் இருங்கள். நானும் உங்கள் கட்சிதான்.

வேலை செய்யுமிடம்

முதல் நாள் வகுப்பில் நான் பாடம் நடத்துவதில்லை. எல்லாரும் பக்கத்தில் இருப்பவரின் பேஸ்புக் கணக்கைத் திறந்து, இவருக்கு வேலை கொடுப்பீர்களா என்று சொல்லவேண்டும். அவ்வளவுதான். சிரிப்பும் கூச்சலுமாக வகுப்பு சந்தை மாதிரி ஆகிவிடும். எனக்கு அது பிடிக்கும். ஒரு பிள்ளை தன்னைப் பற்றி ஊருக்கு என்ன சொல்லி வைத்திருக்கிறது என்று பார்க்க எனக்கு எப்போதும் ஒரு ஆவல்.

ஜெனுஷன் என்றொரு பையன். மோட்டார் சைக்கிள் திருத்துகிற பாடநெறி. அவனுடைய கணக்கில் 'வேலை செய்யுமிடம்: பேஸ்புக்' என்று கிடந்தது. இப்படி எழுதுகிற ஆட்களை நான் நிறையக் கண்டிருக்கிறேன், ஆனால் ஏன் எழுதுகிறார்கள் என்று ஒருவரிடமும் கேட்டதில்லை. அன்றைக்குக் கேட்டேன். நாளைக்கு ஒரு கராஜ்காரர் இதைப் பார்த்தால் உன்னைப் பற்றி என்ன நினைப்பார், இப்படிப் பொய் எழுதலாமா என்று கொஞ்சம் சத்தமாகவே கேட்டேன். அவன் எழும்பி நின்று, பணிவாகத்தான் சொன்னான்.

"மிஸ், முழு நாளும் நான் அதுலதான் நிக்கிறன். வேற இடத்த எழுதினாத்தான் பொய்."

முகமில்லாத படம்

றிஸ்னா காத்தான்குடியிலிருந்து பஸ்ஸில் வருவாள். வீட்டில் அவளுடைய உம்மா கைத்தறி வைத்திருக்கிறார். அந்தத் துணிகளை விற்க ஒரு பக்கம் தொடங்கியிருந்தாள். பக்கத்தின் முகப்பில் ஒரு ரோசாப்பூ. நான் விடுவேனா? தொழில்முறைப் பக்கம் என்றால் ஆளுடைய முகம் தெரியவேண்டும், அப்போதுதான் நம்பிக்கை வரும் என்று பாடக்குறிப்பில் இருப்பதை வாய் கிழியச் சொன்னேன். அவள் முகப்படம் போடமாட்டாள் என்பது எனக்குத் தெரியாததல்ல. இருந்தாலும் குறிப்பில் இருக்கிறதே, சொல்லிவிட்டேன்.

அவள் கோபிக்கவில்லை. அடுத்த வகுப்புக்கு வந்து போனை நீட்டினாள். ரோசாப்பூவைக் காணவில்லை. தறியில் ஓடுகிற உம்மாவின் இரண்டு கை, கையில் நூல் அறுத்த பழைய தழும்பு, கீழே பாதி நெய்த பச்சைக் கரை. அந்தக் கையைப் பார்த்தால் துணியை நம்பாமல் இருக்க முடியாது. இதை நீயாகவா யோசித்தாய் என்று கேட்டேன். அவளுக்குக் கொஞ்சம் சிரிப்பு வந்துவிட்டது.

"வாங்கிற ஆக்கள் துணியத்தானே மிஸ் உடுக்கப்போறாங்க, என்ட முகத்தையா உடுக்கப்போறாங்க?"

அன்றைக்கே பாடக்குறிப்பில் அந்த வரியை வெட்டிவிட்டேன்.

றிஸ்னா சொன்னதைக் கேட்டு, பின் வரிசை வாங்கில் இருந்த ஜெனுஷன் ஒரு வார்த்தை விட்டான்: "அப்ப நான் என்ட ஸ்பனரப் படம் பிடிச்சுப் போடுறன், மிஸ்."

ஒரே ஒரு சேர்ட்டிபிக்கட்

இப்போது விதுஷாவின் கதைக்கு வருகிறேன். செட்டிபாளையத்துப் பிள்ளை. உயர்தரப் பரீட்சையை இரண்டு தரம் எழுதியும் சரிவரவில்லை. வகுப்பில் வாயே திறக்கமாட்டாள். அவளுடைய கணக்கைப் பார்த்து, வேலைக்கு எடுப்பீர்களா என்று கேட்டபோது, பக்கத்தில் இருந்தவள், "மிஸ், இவதான் 'நம்மட வாவி' அட்மின்" என்று போட்டுடைத்தாள். வகுப்பே திரும்பிப் பார்த்தது. நானும்தான். அந்தப் பக்கத்தை நான் இரண்டு வருடமாகப் பார்க்கிறேன். பாலத்துத் தூணில் தண்ணீர் எந்த மட்டில் நிற்கிறது, காற்று எப்படி, வாவியைக் கடக்கிற பாதை இன்றைக்கு ஓடுமா (ஆட்களையும் மோட்டார் சைக்கிளையும் ஏற்றிப்போகிற மிதவைக்கு இங்கே பாதை என்றுதான் பெயர்) எல்லாம் அதில் வரும். யாரோ அரசாங்கக் கச்சேரியில் வேலை செய்கிற வயதான ஆள்தான் நடத்துகிறார் என்று நினைத்திருந்தேன்.

அந்த மாதம்தான் பாசிக்குடாப் பக்கம் ஒரு ஹொட்டேலில் இருந்து கேட்டிருந்தார்கள். அவர்களுடைய பக்கத்தை நடத்த ஒரு ஆள் வேண்டும், சேர்ட்டிபிக்கட் பார்ப்பதில்லை, பிள்ளைகள் நடத்துகிற பக்கத்தைத்தான் பார்ப்போம், மெனேஜரே நேரில் வருவார் என்று. இடம் ஒன்றுதான். விதுஷாவின் அப்பா ஏற்கெனவே தையல் பெக்டரிக்கு அவள் பெயரைக் கொடுத்துவிட்டார். பிழை சொல்ல ஏலாது, பெட்டை சும்மா இருக்கிறாளே என்ற கவலை அந்த மனிசனுக்கு. மெனேஜர் வருகிற நாள் வரைக்கும் பொறுங்கள் என்று அவரிடம் நான்தான் கேட்டேன். பக்கத்தைத் திருத்தி, தேவையில்லாததை எடுத்து, ஒழுங்காக வை என்று விதுஷாவிடம் சொன்னபோது அவள் போனை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள்.

"பயமா இரிக்கி மிஸ். மத்த ஆக்களுக்கு பைல் நிறையச் சேர்ட்டிபிக்கட். எனக்கு இது ஒண்டுதான்."

முகக்கவசம் போட்ட மழை

மெனேஜர் வருவதற்கு ஐந்து நாள் இருக்க மழை பிடித்தது. மாரி மழை பெய்து வாவி முட்டினால் எங்கள் பகுதியில் எல்லாருடைய வாயிலும் ஒரே கேள்விதான்: முகத்துவாரம் வெட்டியாச்சா? கடலுக்கும் வாவிக்கும் நடுவில் அடைத்து நிற்கிற மணலை வெட்டிவிட்டால்தான் வெள்ளம் கடலுக்கு ஓடும். பள்ள வட்டையில் பயிர் மூழ்கிக் கிடக்கிற வயல்காரர் உடனே வெட்டு என்பார். வாவியில் மீன் பிடிக்கிறவர் அவசரப்படாதே என்பார். வெட்டினால் ஓடுகிற தண்ணீரில் இறால் அள்ளலாம் என்று வீச்சுவலையோடு ஓடுகிறவர் வேறு. வெட்டுகிற நேரத்தைத் தீர்மானிக்கிறவர்கள் கூட்டம் வைத்து முடிவெடுத்து, அது ஊருக்கு வந்துசேருவதற்குள் பாதி ஊர் நனைந்துவிடும்.

நான்காம் நாள் மத்தியானம் விதுஷாவின் மச்சான்காரன் வட்ஸ்அப்பில் ஒரு படம் அனுப்பினான். மணலில் ஒரு பெக்கோ இயந்திரம், சுற்றிவரச் சனம், நடுவால் தண்ணீர் பாய்கிறது. அவள் 'முகத்துவாரம் வெட்டியாச்சு' என்று போட்டுவிட்டாள். கேட்கிற சனத்துக்கு முதல் ஆளாய்ச் சொல்லவேண்டும் என்ற துடிப்பு. நான் அப்போது பார்சல் சோற்றைத் திறந்துவைத்துக்கொண்டிருந்தேன். பார்த்த உடனே, மூன்று ஆச்சரியக்குறி போட்டு, என் பக்கத்தில் ஷெயார் பண்ணினேன். அன்று காலையில் நான் எடுத்த பாடம் என்ன தெரியுமா? 'பகிர்வதற்கு முன் சரிபார்த்தல்'. சிரிக்காதீர்கள், நீங்களும் பண்ணியிருப்பீர்கள்.

இரண்டு மணித்தியாலத்தில் யாரோ ஒருவர் கேட்டார், படத்தில் நிற்கிற அத்தனை பேரும் ஏன் முகக்கவசம் போட்டிருக்கிறார்கள் என்று. அட கடவுளே! கொரோனாக் காலத்துப் படம். விதுஷா பார்க்கவில்லை, நான் பார்க்கவில்லை, லைக் போட்ட இத்தனை சனத்தில் ஒருத்தரும் பார்க்கவில்லை. நான் கை கழுவுகிற இடத்துக்குப் போய், ஒருவருக்கும் தெரியாமல் என்னுடைய ஷெயாரை அழித்தேன். அதற்குள் பதிவின் கீழே ஒரு மீனவர் எழுதியிருந்தார்.

"அட்மின் தம்பி, நாங்க பதினொரு பேர் வலையோட மழைக்குள்ள நிக்கிறம். பெக்கோவக் காணல்ல. நீங்க வெட்டினது எந்த முகத்துவாரம்?"

கரைந்த யூரியா

விதுஷா அழுதுகொண்டே கணினி அறைக்கு வந்தாள். எங்கள் நிலையப் பொறுப்பதிகாரியும் பின்னாலேயே வந்தார். நல்ல மனிதர், பயந்த மனிதர். "அழிச்சா முடிஞ்சுது. வெள்ளிக்கிழமை மெனேஜர் வரக்குள்ள இது இருக்கப்படாது" என்றார். அவள் என்னைப் பார்த்தாள். நான் வகுப்பில் சொல்லிவைத்ததுதான் வாயில் வந்தது: பிழையை மறைக்காதே, பதிவை விட்டுவிட்டு மேலே திருத்தம் எழுது. சொல்லும்போது என்னுடைய காது சூடாகியது எனக்கு மட்டும்தான் தெரியும்.

அந்த நேரம் அவளுடைய இன்பொக்ஸில் ஒரு குரல் பதிவு வந்தது. வாவிக்கு அந்தப் பக்கம், படுவான்கரையில் வயல் செய்கிற தம்பிப்பிள்ளை என்கிறவர். வெள்ளம் இறங்கப்போகுதென்று நம்பி, வயல் வாடிக் குடிசைக்குள் இருந்த யூரியாப் பசளையை மேட்டுக்கு ஏற்றாமல் விட்டிருக்கிறார். தண்ணீர் ஏறி, அடி அடுக்கு மூட்டை எல்லாம் கரைந்துபோனது. "படிப்பிக்கிற மிஸ் ஒராளும் போட்டிருந்தா. அதப் பாத்துத்தான் நம்பினன்" என்று அந்தக் குரல் சொன்னது. அந்த மிஸ் யாரென்று விதுஷாவுக்குத் தெரியும். அவள் போனையே பார்த்துக்கொண்டிருந்தாள், என் பக்கம் திரும்பவில்லை. எனக்கு அந்த இடத்தில் செத்துப்போகலாம் போல இருந்தது. ஆனாலும் வாயைத் திறக்கவில்லை, பார்த்தீர்களா?

அவள் எழுதினாள்: 'முகத்துவாரம் இன்னும் வெட்டவில்லை. நான் போட்டது பழைய படம். யாரிடமும் கேட்காமல் போட்டது என் பிழை. விதுஷா, செட்டிபாளையம்.' அந்தப் பக்கத்தில் அவளுடைய பெயர் வந்தது அதுதான் முதல் தடவை. மழைக்குள் நின்ற பதினொரு பேருக்கும் ஒவ்வொருவராக மன்னிப்புக் கேட்டாள். ஏசினவர்களுக்கும் பதில் எழுதினாள், 'பெட்டைக்கு எதுக்கு இந்த வேலை' என்று கேட்டவனுக்கும் எழுதினாள். அடுத்த நாள் அப்பாவோடு தோணியில் போய், தம்பிப்பிள்ளையின் மிஞ்சின மூட்டைகளை மேட்டுக்குத் தூக்கிக் கொடுத்தாள். அவர் இரங்கினவர் மாதிரித் தெரியவில்லையாம். மூட்டை எல்லாம் ஏற்றி முடித்த பிறகு இவ்வளவுதான் சொன்னாராம்.

"கரஞ்சது கரஞ்சதுதான் புள்ள, அது திரும்பி வராது. மறுகா வெட்டினா நீ சொல்லு, ஆனா கண்ணால பாத்துப்போட்டுச் சொல்லு."

வெள்ளிக்கிழமை

மெனேஜர் ஒரு பெண். குடையைச் சுருக்கி வாசலில் வைத்துவிட்டு, தேத்தண்ணி வேண்டாம் என்று சொல்லி, நேராகக் கணினிக்கு முன்னால் இருந்தார். நான்கு பிள்ளைகளின் பக்கங்களை மளமளவென்று பார்த்து முடித்தார். விதுஷாவின் பக்கத்தில் அந்தப் பதிவு வந்ததும் கை நின்றுவிட்டது. கீழே இருந்த ஏச்சுகளை எல்லாம் வாசித்தார். ஒன்றையும் விடவில்லை. பொறுப்பதிகாரி என்னை முறைத்தார். விதுஷா சுவரோடு ஒட்டி நின்றாள். வெளியில் அவளுடைய அப்பா, பெக்டரிப் படிவத்தைப் பொலித்தீனில் சுற்றி வைத்துக்கொண்டு இருந்தார். இங்கே இல்லையென்றால் அப்படியே அங்கே கூட்டிக்கொண்டு போவதற்கு.

மெனேஜர் திரும்பி என்னைக் கேட்டார்: "இந்தத் திருத்தத்த எழுதச் சொல்லிக் குடுத்தது நீங்களா மிஸ்? நாங்க வாறம் எண்டு தெரிஞ்சு செய்வித்ததா?"

பொறுப்பதிகாரி வேகமாகத் தலையாட்டினார். எனக்கு நல்ல பெயர் வாங்கித்தருகிறாராம்! ஓம் என்று சொன்னால் பாடம் நன்றாக நடக்கிறது என்று ஆகும், விதுஷா நான் சொன்னதைச் செய்த பிள்ளை என்று ஆகும். விதுஷா அப்போதுதான் என்னைப் பார்த்தாள். அவள் ஒன்றும் சொல்லப்போவதில்லை என்று அந்தப் பார்வையிலேயே தெரிந்தது. அதுதான் என்னைக் குத்தியது.

"வகுப்புல சொன்னது நான்தான்" என்றேன். "ஆனா அந்தப் பிழையான பதிவ நானும் ஷெயார் பண்ணினன். பிழையெண்டு தெரிஞ்சதும் சத்தமில்லாம அழிச்சுப்போட்டன். நான் போட்டதப் பாத்துத்தான் ஒராள்ட பசளை கரஞ்சது. அழிக்காம நிண்டு ஏச்சு வாங்கினது இவ மட்டும்தான்."

பொறுப்பதிகாரி மேசையைப் பார்த்துக்கொண்டிருந்தார். மெனேஜர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றி, என்னை ஒருமுறை மேலும் கீழும் பார்த்தார்.

"அப்ப உங்களுக்கு வேல தர ஏலாது மிஸ். இவ திங்கக்கிழம வரட்டும்."

இப்போதும் அதே பாடத்தைத்தான் எடுக்கிறேன், 'பிழையைத் திருத்துதல்' என்ற பகுதிக்கு உதாரணம் கேட்டால் என்னுடைய பெயரையே பலகையில் எழுதுகிறேன், பிள்ளைகள் உடனே அதைப் படம் பிடித்து ஷெயார் பண்ணுகிறார்கள், இது உண்மையா என்று என்னிடம் கேட்டு ஒருவரும் சரிபார்ப்பதில்லை.