நீலக் குருவிக்கு வழித்துணை

லெமாய்க்கு ஐம்பத்து மூன்று வயது. அதில் நாற்பது வருஷம் குனிந்தே கழிந்தது. காத்திபாஸ் ஆற்றங்கரைக் காட்டில், நுனி சுருண்ட பெரணிக் கீரை முழங்கால் உயரத்தில்தான் கிடைக்கும். நீலக் குருவியும் அந்த உயரத்தில்தான் வாழும். உச்சி மரம் பக்கம் போகாது. அவள் இலையைக் கிளறினால் எழும் பூச்சிக்காக, வேருக்கு வேர் தாவி பின்னாலேயே வரும். பொறுக்கிய பூச்சிக்குக் கூலியாக அவளுக்கு ஒரு சின்னப் பாட்டு.

கொஞ்ச காலமாக அவளுக்கு அது சாம்பல் குருவி. இரண்டு கண்ணிலும் புரை. இரண்டு மாதம் முன்பு தின்ன ஆகாத கீரையைப் பறித்து வந்துவிட்டாள். தட்டில் பார்த்துத் தடுத்தவர் கணவர் உகாட். அன்றோடு காட்டுக்குப் போவது நின்றது. ஒன்பது மாதம் காத்திருந்து, சிபு நகர ஆஸ்பத்திரியில் அறுவைக்கு ஒரு வெள்ளிக்கிழமை கிடைத்தது. தவறினால் மறுபடி வரிசையின் கடைசி.

வியாழன் காலை, படகில் ஏற்றக் கட்டிவைத்த மூட்டையின் மேல் ஏதோ வந்து உட்கார்ந்தது. சமையலறை ஜன்னல் வழியாக நுழைந்த நீலக் குருவி.

உகாட் கையிலிருந்த துடுப்பைக் கீழே வைத்தார். காட்டு உயிர் தானாக வீட்டுக்குள் வந்தால், அந்தக் குடும்பத்தார் மூன்று நாள் பயணம் போகக்கூடாது. அவருடைய தம்பி ஒருமுறை போனான். கீழ் அருவியில் படகு கவிழ்ந்தது.

அந்த நீண்ட வீட்டில் கதவுக்கு ஒரு குடும்பம். இருபத்திரண்டு கதவுகளும் ஒரே கூரையின் கீழ் இருப்பதால் செய்தி நடக்க வேண்டியிருக்கவில்லை. அடுத்த கதவு செண்டி வந்து எட்டிப் பார்த்தாள்.

"உன் கூட்டாளி உன்னைத் தேடி வந்துருச்சு போல. ரெண்டு மாசமா பூச்சி கிடைக்கலையாம்."

"சிரிக்காதே செண்டி," என்றார் உகாட். பிறகு, பிள்ளை முனானின் பெயரால் மனைவியைக் கூப்பிட்டார். "முனானம்மா, மூட்டையைப் பிரி. இன்னைக்குப் போகலை."

"அப்போ இன்னொரு ஒம்போது மாசம் நீதான் கீரை பறிப்பியா?" என்றாள் செண்டி. " போன தடவை நீ கொண்டு வந்ததைப் பன்னி கூட மோந்து பாத்துட்டுப் போயிருச்சு."

லெமாய் மங்கலான அந்தச் சாம்பல் உருண்டையைப் பார்த்தாள்.

"முனானப்பா, வந்தது யாரு?"

"விருந்தாளி."

"விருந்தாளி வந்தா என்ன செய்வோம்?"

"சோறு வைப்போம். கள்ளு ஊத்துவோம்."

"அப்புறம்?"

விருந்தாளியை வீடு வரை கொண்டுபோய் விடாமல் அனுப்புகிற வழக்கம் அந்தக் கூரையின் கீழ் எவருக்கும் இல்லை.

"இங்க சுத்தி எல்லாம் மிளகுத் தோட்டம். குருவியோட புதர் சிபு போற வழியில, ஓடை வாயில இருக்கு. படகுல ஒரு மணி நேரம்," என்றாள் லெமாய். "நாம ஆஸ்பத்திரிக்குப் போகலை. அதைக் கொண்டுபோய் விடப் போறோம்."

"கூடவே மூட்டை எதுக்காம்?" என்றாள் செண்டி.

"விருந்தாளி உக்காந்த இடம். அதை எப்படி விட்டுட்டுப் போறது?"

இலைத்தட்டில் சோறும் பொரியும் முட்டையும் வைத்து, அரிசிக் கள்ளை ஒரு சொட்டு தெளித்தார் உகாட். கீரைக் கூடையைக் கவிழ்த்துக் குருவியைப் பிடித்து, துணியால் மூடினார். ஆறு நெடுக லெமாய் கூடையை மடியில் வைத்திருந்தாள்.

ஓடை வாயில் துணியை விலக்கியதும் அது புதருக்குள் போய்விட்டது. உகாட் இயந்திரத்தைக் கிளப்பவில்லை.

"கண்ணுல கத்தி வைப்பாங்க," என்றார்.

"உன் பயம் குருவியால இல்லையா அப்போ?"

"அதுவுந்தான்."

"நீ கையைப் பிடிச்சுக்கோ."

"உள்ளே விட மாட்டாங்களாம்."

"வாசல்ல நில்லு. அது போதும்."

புதருக்குள் பாட்டு தொடங்கியது. அது முடியும்வரை இருந்தார். பிறகு படகின் முகத்தை சிபுவை நோக்கி, ஆற்றோட்டத்தின் பக்கம் திருப்பினார்.

இரண்டாம் கண்ணும் சரியாகி, டாக்டர் காட்டுக்குப் போகலாம் என்ற பிறகு, அதே ஓடை வாயில் லெமாய் குனிந்தாள். உகாட் பக்கத்தில் கூடையைப் பிடித்திருந்தார். தாழ்ந்த வேரின் மேல் ஒன்று வந்து உட்கார்ந்தது. அவள் கை கீரையிலேயே நின்றுவிட்டது.

"இவ்வளவு நீலமா? நீ சொல்லவே இல்லையே."

"தினமும் சொன்னேன்," என்றார் உகாட். "நீதான் சாம்பல்னு சண்டை போட்டே."