வலது பட்டன்

நம்புவதும் நம்பாததும் உங்கள் இஷ்டம். கதை கட்டுகிற பழக்கம் எனக்கு இல்லை. இது நடந்தது. நடுராத்திரியில்கூட இல்லை, பட்டப்பகலில், ஜன்னல் வழியாக வெயில் மேசைமேல் விழுந்துகொண்டிருந்தபோது.

நான் கல்லூரியைப் பாதியில் விட்டவன். ஒரு கிடங்கில் இரவு வேலை பார்த்தேன். தங்கைக்கு நோய் முற்றியதும் அதையும் விட்டேன். வீட்டில் அவளைக் குட்டி என்போம். புத்தகங்களுக்குப் பக்கம் அமைப்பது அவள் தொழில். தசைகள் ஒவ்வொன்றாகச் செத்துக்கொண்டு வந்த வியாதி. கடைசியில் மிஞ்சியது பேச்சும், வலது கையில் ஒரே ஒரு விரலும்.

எங்கள் பழைய கம்ப்யூட்டரில் ஒரு வரியை மவுஸால் தேர்ந்தெடுத்து, வேறு இடத்தில் நடு பட்டனை அழுத்தினால் அந்த வரி அங்கே வந்து விழும். ஆனால் எங்கள் மவுஸில் நடு பட்டன் கிடையாது. இரண்டே பட்டன். இரண்டையும் சேர்த்து அழுத்தினால் மூன்றாவது பட்டனாக எடுத்துக்கொள்ளும்படி மென்பொருளில் ஓர் அமைப்பு உண்டு. அதைப் போட்டேன். இடது பட்டன் எனக்கு, வலது பட்டன் அவளுக்கு. அவள் விரல் தாமதமாகத்தான் வரும். அதற்காக அரை விநாடி காத்திருக்கும்படி வைத்திருந்தேன்.

நான் தப்பான இடத்தில் நின்றால் அவள் அழுத்தவே மாட்டாள்.

"அமுக்கேன்டி."

"கண்ண எங்க வச்சிருக்க? ஒரு வரி கீழ போ."

கடைசிப் பக்கத்தில் 'பக்க அமைப்பு' என்று போட, எங்கள் இருவர் பெயரையும் ஒரு தனிக் கோப்பில் அடிக்கச் சொல்லியிருந்தாள்.

"அரை பட்டனுக்கெல்லாமா பேர் போடுவாங்க?" என்றேன்.

"நானும் அரை பட்டன்தான்டா."

அந்தப் புத்தகம் முடியும் முன் போய்விட்டாள்.

ஒரு மாதம் கழித்து அச்சகத்துக்காரர் போன் செய்தார். "இன்னிக்கு அஞ்சு மணிக்குள்ள குடுத்தா தங்கச்சி பேரு வந்துடும் தம்பி. இல்லன்னா வேற ஆள வச்சு முதல்லேர்ந்து செய்யணும்."

அம்மா பக்கத்தில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். "முடிச்சுக் குடுத்துடுடா. அவ பேர அச்சுல ஒரு தடவ பாத்துடறேன்." அந்த ஒரு மாதத்தில் அவள் என்னிடம் கேட்டது அது ஒன்றுதான்.

உட்கார்ந்தேன். முதல் வேலையாக அந்த அரை விநாடியைக் குறைத்தேன். ஒவ்வொரு கிளிக்கும் இன்னொரு விரலுக்காகக் காத்து நிற்பது எரிச்சலாக இருந்தது. ஒரு வரியைத் தேர்ந்தெடுத்தேன். அடுத்த பக்கத்துக்குப் போய் பட்டனை அழுத்தினேன். பழக்க தோஷம்... இடதை மட்டும்.

டிக்.

கொஞ்சம் பொறுத்து... இன்னொரு டிக்.

வரி வந்து விழுந்தது.

என் விரல் வலது பக்கம் போகவே இல்லை. அமைப்பைத் திறந்து பார்த்தேன். அரை விநாடி. சேமிக்க மறந்திருப்பேன் என்று சொல்லிக்கொண்டேன். மனசு சாக்கு தேடுவதில் கெட்டி.

வேலை ஓடியது. டிக்... டிக். டிக்... டிக்.

ஓர் இடத்தில் இரண்டாவது டிக் வரவில்லை. மறுபடி அழுத்தினேன். இல்லை. திரையை உற்றுப் பார்த்தேன்.

ஒரு வரி மேலே நின்றிருந்தேன்.

கீழே போனேன்.

டிக்... டிக்.

எழுந்து ஓடியிருப்பேன். அடுத்த அறையில் அம்மா இருமினாள். ஓடவில்லை.

மணி 4.40. கடைசிப் பக்கம். அந்தத் தனிக் கோப்பிலிருந்து அவள் பெயரை மட்டும் எடுத்தேன். உரிய இடத்தில் அழுத்தினேன்.

டிக்.

அவ்வளவுதான்.

மறுபடி. மறுபடி...

"குட்டி, அம்மா கேக்கறாடி."

ஒன்றும் இல்லை.

4.52. இரண்டு பெயரையும் சேர்த்து எடுத்தேன்.

டிக்...

டிக்.

புத்தகம் வந்தது. அம்மா அந்த வரியை விரலால் தடவிக்கொண்டே இருந்தாள். பிறகு மவுஸைப் பார்த்தாள்.

"இத வச்சு எப்படிடா முடிச்ச?"

"ஏம்மா?"

"அவ போன மறுநாள்லேர்ந்து மத்தியானம் ஆனா இது டிக்கு டிக்குங்கும். நீ தூங்கிட்டிருப்ப. என்னால தாங்க முடியல. எலக்ட்ரீஷியனக் கூப்பிட்டு அந்த வலது பக்கத்தக் கழட்டச் சொல்லிட்டேன். அச்சகத்துலேர்ந்து போன் வர்றதுக்கு முன்னாடியே."

மவுஸின் மூடியைத் திறந்தேன். வலது பட்டனுக்கு அடியில் சுவிட்ச் இல்லை. வெறும் ஓட்டைகள்.

"கழட்டினதுலேர்ந்து ஒரு நாளும் கேக்கல," என்றாள் அம்மா. "கழட்டியிருக்கக் கூடாதோ?"

அன்றைக்கு என் காதில் விழுந்ததை நான் இன்னும் அவளிடம் சொல்லவில்லை.