பத்தியச் சட்டியில் நண்டுக்கறி

அக்காவின் அடுக்களையில் உறிக்கு மேலே ஒரு சின்ன மண்சட்டி கவிழ்ந்திருக்கும். பத்தியச் சட்டி. பத்தியச் சோற்றைத் தவிர வேறெதையும் கண்டிராத சட்டியென்றால் உள்ளே வெளுத்துத்தான் இருக்கவேண்டும். இதன் உட்புறத்திலோ மிளகாயும் மஞ்சளும் ஊறிய கறை, எத்தனை முறை கழுவியும் போகவில்லை. அந்தக் கறை எப்படி வந்ததென்று தெரிந்தவர்களில் இப்போது மிஞ்சியிருப்பவர்கள் அக்காவும் நானும்தான்.

இரண்டாம் உலகப் போர் தொடங்குவதற்குச் சில வருடங்களுக்கு முன்பு நடந்தது. எங்கள் வீடு வாவிக்கரையில், வவுணதீவுப் பக்கம். மாரி நெல் வேளாண்மை வெட்டிய பிறகு வைகாசியில் அக்காவுக்குக் கலியாணம் என்று பேச்சு முடிந்திருந்தது. கார்த்திகை மழையோடு அவளுடைய இரண்டு முழங்கைகளிலும் தோல் சொரசொரத்து, வெளிறிய திட்டுகள் தெரிந்தன. அம்மா முதலில் அதைக் கரப்பான் என்றா. கரப்பான் என்றால் எங்கள் பக்கத்தில் மருந்துக்கு முன்னால் வாயைத்தான் கட்டுவார்கள். மீன், இறால், நண்டு விலக்கு. முட்டையும் தயிரும் விலக்கு. பப்பாசிப்பழம் சூடு, முருங்கையிலை ஆகாது. கடைசியில் அக்காவுக்கு மிஞ்சியது சோறு, மிளகுத்தண்ணி, வறுத்த உப்பு. அதற்கென்று வாங்கியதுதான் அந்தச் சட்டி. வாவியில் மீன் துள்ளுகிற ஊரில், கரையோர வீட்டில் இருந்துகொண்டு அவள் மாதக்கணக்காக வெறுஞ்சோறு தின்றாள்.

திட்டு குறையவில்லை, தொடைவரை பரவியது. அம்மா பத்தியத்தை இன்னும் இறுக்கினா. வீட்டில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத சொல் ஒன்று இருந்தது: மாந்தீவு. குட்டநோய்க்காரரைக் கொண்டுபோய் வைக்கிற தீவு அது, வாவிக்கு நடுவே. அதனால்தான் டொக்டரிடம் காட்டவும் அம்மா விடவில்லை. காட்டினால் பெயர் எழுதிவிடுவார்கள், கலியாணம் நின்றுபோகும், பிள்ளையையும் தோணியில் ஏற்றிவிடுவார்கள் என்ற பயம். அப்பா வயலே கதி என்று கிடந்தார். பயந்த ஆண்கள் வேலையில் ஒளிந்துகொள்வதை நான் முதன்முதலில் அப்போதுதான் பார்த்தேன்.

அக்கா மட்டும் பயப்படவில்லை, அல்லது பயத்தைவிட அவளுக்குப் பசி பெரிதாக இருந்தது. மாசி மாதம் ஒருநாள் சட்டியைத் தள்ளி வைத்துவிட்டுச் சொன்னாள்: “என்னக் கொண்டுபோய் டொக்டருக்குக் காட்டுங்க. மாந்தீவெண்டாலும் போறன். அங்கயாவது கறி தருவாங்க.” அம்மா அடுப்படியிலேயே உட்கார்ந்து அழுதா. பிறகு சீலையை மாற்றிக்கொண்டு வந்தா.

அம்மாவுக்குத் தோணியென்றால் நடுக்கம். நீச்சல் தெரியாது, கோயில் திருவிழாவுக்குக்கூட அக்கரை போகமாட்டா. அன்றைக்கு நாங்கள் மூவரும் டொக்டர் இருந்த புளியந்தீவுக்குப் போன தோணியில், அம்மா கண்ணை மூடிக்கொண்டு என் தோளைப் பிடித்த பிடியில் எனக்குச் சதை கன்றிவிட்டது. முந்தானையால் இரண்டு கைகளையும் மணிக்கட்டுவரை மூடியிருந்தா. அந்த வெயிலில் எதற்கென்று எனக்கு விளங்கவில்லை.

டொக்டர் வயதானவர், அதிகம் பேசாதவர். அக்காவின் கண்ணைக் கட்டச் சொல்லி, ஒரு ஊசியை எடுத்துத் திட்டின்மேல் குத்தினார். அந்த நோயென்றால் அவ்விடம் உணர்வு செத்திருக்குமாம். அக்கா “ஆ, நோகுது” என்று கையை இழுத்தாள். இன்னோரிடத்தில் குத்தினார். “நோகுது எண்டு சொல்றன், பிறகும் குத்துறீங்க” என்று அவரையே அதட்டினாள். பிள்ளைக்கு நோகிறதென்று கேட்டுச் சந்தோசப்பட்ட தாயை நான் வேறெங்கும் கண்டதில்லை. அம்மா கண்ணைத் துடைக்கக் கையைத் தூக்கினா. முந்தானை விலகியது.

“உங்கட கையைக் காட்டுங்க,” என்றார் டொக்டர்.

“எனக்கொண்டுமில்ல ஐயா.”

அவர் விடவில்லை. அம்மாவின் முழங்கையிலும் அதே சொரசொரப்பு, அதே திட்டு. அங்கேயும் ஊசி குத்தினார், அம்மாவுக்கும் நொந்தது. இருவரும் என்ன சாப்பிடுகிறீர்கள் என்று கேட்டார். அக்கா தன் பத்தியத்தைச் சொன்னாள். அம்மா தலையைக் குனிந்துகொண்டு, “புள்ளைக்கு விலக்கினத நான் எப்பிடித் திங்கிற ஐயா? நானும் அதத்தான் திண்டன்,” என்றா. பிறகு, யாரும் கேளாமலே சொன்னா: “எனக்கும் ஒட்டிட்டெண்டுதான் நினைச்சன். தீவுக்கு அனுப்பினா ரெண்டு பேரையும் சேத்து அனுப்புவாங்க, புள்ள தனியப் போகாதெண்டு ஒரு ஆறுதல்.”

டொக்டர் ஊசியைத் துடைத்து வைத்தார். “இது அந்தக் குட்ட வருத்தமில்ல. தோலுக்குத் தீன் காணாது, சத்துக் குறைவு. நீங்க விலக்கினதெல்லாத்தையும் திரும்பக் குடுங்க. முருங்கையிலை, பப்பாசிப்பழம், முட்டை, மீன், தயிர். கோடையில கச்சான் காத்து அடிக்க முதல் தோல் தேறவேணும். காஞ்ச தோலுக்கு அந்த வறண்ட காத்து கூடாது,” என்றார். குடிக்கச் சுறா எண்ணெய் ஒரு போத்தலும் தந்தார். அதன் நாற்றம் தோணி முழுவதும் எங்களோடு வந்தது.

அன்றைக்கே நண்டுக்கறி. அம்மா அக்காவுக்குப் பரிமாறிவிட்டு, பழக்கதோசத்தில் பத்தியச் சட்டியையும் வறுத்த உப்பையும் எடுத்துக்கொண்டு மூலையில் இருந்தா. அக்கா எழுந்து வந்து, நண்டுக்கறியைக் குழம்போடு அந்தச் சட்டிக்குள் ஊற்றினாள். “நீங்க தின்னாட்டி நானும் தின்னன்,” என்றாள். அம்மா தின்றா. கண்ணீரும் மூக்குமாகத் தின்றா; உறைப்பினால் என்று சொன்னா.

கச்சான் தொடங்குமுன்பே இருவருடைய தோலும் தேறிவிட்டது. வைகாசியில் கலியாணமும் நடந்தது. இப்போது வெயில் காலம் வருகிறதென்றால் அக்காவின் பேத்திகள் முகத்துக்குப் பூச விதவிதமான போத்தல்கள் வாங்குகிறார்கள். அக்கா அதைத் தடுப்பதில்லை. “பூசுங்க, ஆனா முதல்ல தின்னுங்க” என்று பப்பாசிப்பழத்தை வெட்டி வைக்கிறாள்.

போன பங்குனியில் அக்காவைப் பார்க்கப் போனபோது, அந்தச் சட்டியை இறக்கித் துடைத்துக்கொண்டிருந்தாள். கறையைப் பெருவிரலால் தடவினாள். “தோணியெண்டாலே நடுங்கின மனுசி,” என்றாள். “என்னோட அந்தத் தீவுக்கு வாறதுக்கு ஆயத்தமா நிண்டிருக்கிறா.” பிறகு சட்டியைக் கவிழ்த்து உறிக்கு மேலே வைத்தாள்.