எல்ட்ரிட் ஜாகர்ஸின் நல்ல கால்

சாபா தீவில் எல்ட்ரிட் ஜாகர்ஸ் அளவுக்கு அழகாக நோயில் விழ யாராலும் முடியாது. மருத்துவக் கல்லூரியில் ஆழ்கடல் மருத்துவம் படிக்கிற பிள்ளைகளுக்குத் தேர்வு வைக்கும்போதெல்லாம் நோயாளியாக நடிக்கப் பேராசிரியர் வெர்மூலன் அவரைத்தான் கூப்பிடுவார். கடலடியிலிருந்து அவசரமாக மேலே வந்து, ரத்தத்தில் காற்றுக் குமிழ் கட்டிக்கொண்ட ஆளாக எல்ட்ரிட் கட்டிலில் விழுவார், புரளுவார், தோளைப் பிடித்துக்கொண்டு என்றைக்கோ செத்துப்போன அம்மாவைக் கூப்பிடுவார். ஒருமுறை தேர்வுக்கு வந்த பையன் அழுதேவிட்டான். அதை எல்ட்ரிட் தீவு முழுக்கச் சொல்லி முடித்தார். சின்னத் தீவுதான், ஆனாலும் விடாமல் சொன்னார்.

இத்தனைக்கும் மனிதர் கணுக்காலுக்கு மேல் கடலில் நனைந்ததில்லை. வேன் ஓட்டுவதுதான் தொழில். முக்குளிக்கப் போகிறவர்களைக் காலையில் துறைமுகத்தில் இறக்கிவிட்டு, மதியம் உப்பும் ஈரமுமாக ஏற்றிக்கொண்டு மலைமேல் கொண்டுபோய் விடுவார். பின்சீட்டில் அவர்கள் பேசியதைப் பொறுக்கித்தான் தன் நோய்களையெல்லாம் சேர்த்துவைத்திருந்தார். மலையைச் சுற்றி ஏறும் அந்த ஒற்றைச் சாலையைக் கண்ணை மூடிக்கொண்டு ஓட்டுவேன் என்பார். கொஞ்ச நாளாக அப்படித்தான் ஓட்டுகிறார் என்று ஏறினவர்கள் சொன்னார்கள். வளைவுகளில் பிரேக் தாமதமாக விழுந்தது. எல்ட்ரிட் மெக்கானிக்கிடம் சண்டை போட்டுப் புது பிரேக் மாட்டினார். மாட்டியும் அப்படியேதான் இருந்தது.

"மிதிச்சா பதிலே சொல்ல மாட்டேங்குது" என்று மனைவி மின்னியிடம் புலம்பினார்.

"நான் கேட்டா நீயும்தான் சொல்றதில்ல, மனுசா. இன்னிக்கு இஞ்சி பீர் குடிச்சியா?"

இஞ்சி பீரில் போதை இல்லை, பாட்டில் நிறையச் சர்க்கரைதான்; அவருக்கோ சர்க்கரை நோய் இருந்தது. அது மின்னிக்கு ஞாபகம் இருந்தது, அவருக்கு இல்லை. அவருடைய அப்பாவின் கால் சர்க்கரையால்தான் போனது. அந்தப் பேச்சை எடுத்தால் எல்ட்ரிட் எழுந்து போய் வேனைக் கழுவ ஆரம்பித்துவிடுவார்.

அந்தப் பருவத் தேர்வில் அவருக்கு வாய்த்தவள் ஒக்ஸானா. கனடாக்காரி. படிக்க எத்தனையோ ஊர் இருக்க, முக்குளிக்கலாம் என்பதற்காகவே இந்தத் தீவுக்கு வந்தவள். தினமும் அவர் வேனில் போகிறவள்.

"அங்கிள், ரொம்ப ஓவராப் போயிடாதீங்க. போன தடவை உங்க சத்தத்துல ஆடெல்லாம் மலையேறிடுச்சாம்."

"பயப்படாத மகளே. உனக்காக அடக்கித்தான் சாவேன்."

பேராசிரியர் கொடுத்த கதை சுலபமானது. இடது தோளில் வலி, இடது கால் மரத்துவிட்டது, வலது கால் நல்ல கால். கண்ணை மூடிக்கொண்டு, தொட்டது தெரிந்தால் 'ஆமா' என்று சொல்ல வேண்டும். மற்ற பிள்ளைகள் முழங்காலோடு நிறுத்திக்கொள்வார்கள். ஒக்ஸானா ஷூவைக் கழற்றச் சொன்னாள்.

"அதெல்லாம் கதையில இல்லையே" என்றார் எல்ட்ரிட்.

"பாதத்தைப் பாக்காம எப்படி? படுங்க அங்கிள், நானே கழட்டுறேன்."

இடது பாதத்தில் அவள் ஊசியால் குத்தக் குத்த, எல்ட்ரிட் செத்த மீன் போல வாய் திறக்காமல் கிடந்தார். அருமையாகச் செய்கிறோம் என்று அவருக்கே தோன்றியது. பிறகு வலது ஷூ கழன்றது. ஏதோ ஒன்று தரையில் டிங் என்று விழுந்து உருண்டது.

"ஷூக்குள்ள என்ன வச்சிருந்தீங்க?"

"என்ன வைப்பேன்? காலைத்தான்."

காலுறையும் மெதுவாகக் கழன்றது. அதன்பின் அறையில் சத்தமே இல்லை. பேராசிரியரின் நாற்காலி கிரீச்சிடுவது கூட நின்றுவிட்டது. எல்லோரும் தன் நடிப்பில் சொக்கிப்போய் நிற்கிறார்கள் என்று நினைத்த எல்ட்ரிட், அந்த மௌனத்துக்கு மரியாதையாக மெல்லிய முனகல் ஒன்றைச் சேர்த்தார்.

"அங்கிள்..." ஒக்ஸானாவின் குரல் இறங்கியிருந்தது. "இது உங்க நல்ல கால்."

"தெரியும் மகளே. தொடு, ஆமான்னு சொல்றேன். சீக்கிரம் ஆரம்பி, தூக்கம் வருது."

"ஆரம்பிச்சு ரொம்ப நேரமாச்சு அங்கிள்."

அவர் கண்ணைத் திறந்தார். அவள் கையிலிருந்த ஊசி அவருடைய பாதத்தில்தான் இருந்தது. கட்டைவிரலுக்கு அடியில் குழியாக ஒரு புண், ஓரமெல்லாம் கறுத்து. தரையில் கிடந்தது இஞ்சி பீர் பாட்டிலின் மூடி. வேனில் ஒளித்துக் குடித்தபோது ஷூவுக்குள் விழுந்ததை அவர் எத்தனை நாள் மிதித்துக்கொண்டு அலைந்தாரோ தெரியாது.

வெர்மூலன் சுற்றி வளைக்கவில்லை. "விரல் போகலாம். விட்டா பாதமே போகலாம். மருந்து தரோம், தினம் கட்டுப் போடுறோம். அழுத்த அறையில ஆக்சிஜனும் குடுத்துப் பாப்போம். வேன் ஓட்டக் கூடாது."

"அது பிரேக் கால் ஆச்சே டாக்டர்" என்றார் எல்ட்ரிட்.  பிரேக் ஏன் பதில் சொல்லவில்லை என்பது அப்போதுதான் அவருக்குப் புரிந்தது. அந்த வளைவுகளில் எத்தனை பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போனோம் என்று விரல்விட்டு எண்ண ஆரம்பித்தவர், பாதியில் நிறுத்திக்கொண்டார்.

மின்னி வந்தாள். பாட்டில் மூடியைப் பார்த்தாள், புண்ணைப் பார்த்தாள். வேன் சாவியை வாங்கித் தன் கழுத்துச் சங்கிலியில் கோத்துக்கொண்டாள்.  

துறைமுகத்தின் அழுத்த அறை, ரத்தத்தில் குமிழ் கட்டினவர்களை உள்ளே அடைத்துக் காற்றை ஏற்றிக் குணமாக்கும் ஒரு பெரிய இரும்புப் பீப்பாய். எல்ட்ரிட் நடித்த கதைகளில் அதன் கதவு வரைக்கும் வந்ததும் அவருக்கு உடம்பு சரியாகிவிடும். ஏனென்றால் மூடின இடம் என்றால் அவருக்கு உயிர் போய் உயிர் வரும். இப்போது உள்ளேயே போக வேண்டியிருந்தது. அதற்கு முன் தலையில் பூசிய எண்ணெயைக் கழுவச் சொன்னார்கள், ஆக்சிஜனில் அது தீப்பிடித்துவிடுமாம். பளபளப்புப் போன தலையும் பருத்தி அங்கியுமாக அவரைப் பார்த்து மின்னி வாயைப் பொத்திக்கொண்டாள்.

தினமும் உள்ளே துணைக்கு ஒக்ஸானா உட்கார்ந்தாள். அங்கே உட்காருகிறவர்கள் அன்றைக்குக் கடலில் இறங்கக் கூடாது.

"உங்க இஞ்சி பீரால என் கடல் போச்சு அங்கிள்."

"நானா கூப்பிட்டேன்? போயேன்."

"போயிடுவேன். அப்புறம் யார் கையைப் பிடிச்சுக்குவீங்க?"

அவர் ஏற்கெனவே பிடித்துக்கொண்டுதான் இருந்தார். கதவு மூடியது, காது அடைத்தது. அம்மாவைக் கூப்பிட்டு ஊரைக் கூட்டியவர், நிஜமாகவே பயந்த அந்த நாட்களில் ஒரு சத்தமும் போடவில்லை.

ஒரு விரல் போனது. பாதம் தப்பியது. புண் முழுக்க ஆறின பிறகு ஒருநாள் வெர்மூலன் சொன்னார்: "இனி ஒண்ணுதான் பாக்கணும். பாதத்துல உணர்ச்சி இருந்தா வேன் ஓட்டலாம்."

எல்ட்ரிட் கண்ணை மூடிப் படுத்தார். ஒக்ஸானா குனிந்தாள். கட்டுப் போடுமுன் ஊசி வைத்துப் பார்க்கும்போதெல்லாம் இந்தப் பெண் மூச்சைப் பிடித்துக்கொள்வாள் என்பது இத்தனை நாளில் அவருக்கு நன்றாகத் தெரியும். மூச்சு நின்றால் 'ஆமா', அவ்வளவுதான். வாழ்க்கையிலேயே சுலபமான நடிப்பு. மின்னியின் கழுத்தில் சாவி ஆடுகிற சத்தம் கூடக் கேட்டது.

மூச்சு நின்றது.

"தொட்டுட்ட, இல்ல?" என்றார் எல்ட்ரிட். "எனக்குத் தெரியல மகளே."

கண்ணைத் திறக்க அவருக்குக் கொஞ்ச நேரம் ஆனது. திறந்தபோது ஒக்ஸானா மூக்கைத் துடைத்துக்கொண்டிருந்தாள். மின்னி சாவியைக் கழற்றிக் கையில் எடுத்திருந்தாள்.

"எழுந்திரு மனுசா. படகு வர்ற நேரம். நான் ஓட்டுறேன்."

இப்போது மின்னிதான் ஓட்டுகிறாள். கொஞ்சம் வேகம்தான். எல்ட்ரிட் பக்கத்து சீட்டில் இருந்து, வளைவுக்கு வளைவு அம்மாவைக் கூப்பிடுகிறார். புதிதாக வந்த பிள்ளைகள் பின்னாலிருந்து கை தட்டுகிறார்கள், தேர்வுக்கு ஒத்திகை பார்க்கிறார் என்று. மின்னி மட்டும் கீழே ஒரு பார்வை பார்ப்பாள்.

"அங்க என்னத்த மிதிக்கிற? பிரேக் என்கிட்ட இருக்கு."

எல்ட்ரிட் குனிந்து பார்ப்பார். அந்த வலது கால் வெறும் தரையை அழுத்திக்கொண்டிருக்கும். கண்ணால் பார்த்தால்தான் அவருக்கே அது தெரியும்.